கானாவும் கேட்போரும்

மூலக்கொத்தளம் என்னும் பெயரைக் கேட்டவுடன் சென்னை மக்களுக்கு நினைவில் எழுவது அங்குள்ள இடுகாடு. கொத்தளம் என்பது கோட்டை மதிலின் காவல் மேடையைக் குறிக்கும் சொல். பழைய கறுப்பர் நகரைச் சுற்றி 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த மதில் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. அதன் நினைவு ஒருபுறம் வால்டாக்ஸ் சாலை என்ற பெயரிலும், மற்றொருபுறம் இந்தக் கொத்தளம் என்ற சொல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்று 1939-இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் இங்கேதான் அடக்கமாயினர். வரலாற்று நூல்களில் இடம்பெற்ற அவ்விருவரைச் சுற்றிலும், எந்த நூலிலும் இடம்பெறாத பல்லாயிரம் பேர் உறங்குகின்றனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், ஆலையில் நூல் நூற்றவர்கள், இரயில்வே பணிமனையில் இரும்பை அடித்தவர்கள், கட்டுமரம் ஏறியவர்கள் ஆகியோர் அவர்கள். அவர்களுக்கு வரலாறு எழுதியவர் இல்லை. ஆனால் பாட்டுப் பாடியவர் உண்டு. அந்தப் பாட்டுக்குக் கானா என்று பெயர்.

இந்தக் கானாவும் அதைக் கேட்போரும் கடந்த நூறாண்டில் எவ்வாறு மாறினர் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். வானொலியில் பேசுகிறவன் வானொலியைப் பற்றியும் சிறிது குறை சொல்ல நேரும். மாணவ நண்பர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கானா என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதில் இருவேறு கருத்து உண்டு. இந்துஸ்தானியில் பாட்டைக் குறிக்கும் சொல்லே இங்கு வந்து தங்கிவிட்டது என்பர் சிலர். ‘கானம்’ என்பதன் திரிபு என்பர் வேறு சிலர். இரண்டும் ஏறத்தாழ ஒரே வேரிற் போய் முடிவதால் இதற்காகப் பெரிதும் வாதாட வேண்டியதில்லை. எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவன கானாவில் வழங்கும் சொற்கள். ‘துட்டு’ ஒல்லாந்தர் நாணயத்தின் பெயர். ‘பேஜார்’ பாரசீகத்திலிருந்து உருது வழியே வந்தது. ‘நைனா’ தெலுங்கு. ‘கஸ்மாலம்’ என்று ஒருவரை ஏசினால் நாம் முகம் சுளிக்கிறோம். அதுவோ பகவத் கீதையில் அருச்சுனனது மனக் கலக்கத்தைக் குறிக்கக் கண்ணபிரான் ஆண்ட வடசொல்! துறைமுகத்தில் பல நாட்டுச் சரக்குகள் வந்து இறங்கியதுபோல் அதை அடுத்த பேட்டைகளில் பல நாட்டுச் சொற்களும் வந்து இறங்கின. அவற்றைக் கொச்சை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்தச் சொற்களுக்குள் நகரத்தின் வரலாறு இருக்கிறது.

1856-இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பின்னர்த் துறைமுகம் எழுந்தது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடக ஆலைகள் பெருகின. செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, நெல்லூர் முதலிய மாவட்டங்களிலிருந்து நிலமில்லாத உழவுத் தொழிலாளர் வேலை தேடி வந்து குடியேறினர். அவர்களிற் பெரும்பாலோர் ஊர்களில் சேரியிலே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். வரும்போது பறையையும், கூத்துப் பாட்டையும், ஒப்பாரியையும் தங்களோடு கொண்டுவந்தனர். வந்த இடத்திலும் பாட்டுக்குப் பஞ்சமில்லை. உடம்பின் நிலையாமையைப் பாடிய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபு அடக்கமான இடம் இராயபுரத்தில் இருக்கிறது. அவர் தொண்டியிலிருந்து வந்தவர் ஆதலால் தொண்டியார் எனப்பட்டார். தொண்டியார்பேட்டை என்னும் பெயர் அவராலேயே வந்தது என்பர். சித்தர் பாட்டின் துணிவும், பக்கிரிகளின் இசையும், ஒப்பாரியின் கண்ணீரும், பறையின் அடியும் ஒன்று கலந்த இடத்தில் கானா பிறந்தது என்று கொண்டால் பெரும்பிழை ஆகாது.

கானாவில் வகைகள் பல. திருமணத்திற்குப் பாடுவது உண்டு. காதலைப் பற்றியது உண்டு. நையாண்டிக்கென்றே கட்டியதும் உண்டு. ஆயினும் உயிர்நாடி மரண கானாதான். சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். பதினாறாம் நாள் கருமாதியன்றும் சுற்றத்தார் கூடுவர். தெருவில் பந்தல் போட்டிருக்கும். ஆர்மோனியமோ, தபேலாவோ, டோலக்கோ கிடைத்தால் உண்டு. கிடைக்காவிடில் தீப்பெட்டியும் மரப்பெட்டியும் போதும். பாடகர் வந்தவுடன் பாடத் தொடங்கிவிட மாட்டார். இறந்தவர் பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார், எந்தத் தெருவில் பிறந்தார், பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் பெயர்கள் யாவை, யாரிடம் பிரியம், எதில் கோபம் என்றெல்லாம் கேட்டுக்கொள்வார். பிறகு தாம் அறிந்த மெட்டுகளில் ஒன்றை எடுத்து, அந்த விவரங்களை அதனுள் வைத்துப் பாடிவிடுவார். தாய் பிள்ளையைச் சுமந்தது, பிள்ளை தாயைச் சுமந்து இடுகாட்டுக்குப் போவது, வழியில் பூ இறைப்பது என்னும் பகுதிகள் எல்லாப் பாட்டுக்கும் பொது. பெயர்கள் மட்டும் அந்த வீட்டுக்கே உரியவை. தன் பெயர் வரும் இடத்தில் மகள் விம்மி அழுவாள். அதுவரை அழாமல் கல்லாக அமர்ந்திருந்த மகனும் அழுதுவிடுவான். அழ முடியாதவர்களை அழ வைப்பதற்காகவே பாடகரை அழைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கும்.

இதனை நன்கு மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கானாவில் கேட்பவர் யார் என்பது பாடுபவருக்குத் தெரியும். பெயரோடும் முகத்தோடும் தெரியும்.

இப்போது வானொலிக்கு வருவோம். சென்னையில் ஒலிபரப்பு அரசினரால் தொடங்கப்பட்டதன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் 1924-இல் நண்பர்களுடன் சேர்ந்து சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். பணமின்மையால் மூன்றாண்டுகளில் அது நின்றது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாளில் ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலிப் பெட்டி வாங்க முடியாதவர்களும் கேட்கும்படி கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மாலை வேளையில் மக்கள் மணலிலும் புல்தரையிலும் அமர்ந்து கேட்டனர். சென்னையின் முதல் வானொலிக் கேட்போர் கூட்டம் இதுவே. அவர்கள் ஒன்றாக அமர்ந்து கேட்டனர்; பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டும் கேட்டனர்.

1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கியது. 1954-இல் அது கடற்கரைச் சாலைக்குக் குடிபெயர்ந்தது. வானொலி தென்னிந்திய சங்கீதத்துக்குச் செய்த தொண்டு மிகப் பெரிது. சபாக்களின் வாயிலைத் தாண்ட முடியாதவர்களுக்கும் பெரிய வித்துவான்களின் இசையை அது கொண்டு சேர்த்தது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் எந்த இசை நல்லிசை, எது அல்ல என்று தீர்மானிக்கும் பொறுப்பையும் வானொலி தானே எடுத்துக்கொண்டது. 1940-இல் ஆர்மோனியம் விலக்கப்பட்டது. அது நம் சுருதிகளுக்குப் பொருந்தாத அயல்நாட்டுக் கருவி என்றனர். அந்தத் தடை தளர்வதற்கு 1971 ஆயிற்று. 1952-இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களையும் ஏறக்குறைய வெளியேற்றினார். விளைவு என்ன? மக்கள் பெட்டியை அணைத்துவிடவில்லை. முள்ளை மட்டும் சிறிது திருப்பினர். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் திரைப்பாடல்கள் தாராளமாக வந்தன. மயில்வாகனனின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் குரலைப்போல் பழகிவிட்டது. ஐந்தாண்டு கழித்து, 1957 அக்டோபர் 3-இல், நம் வானொலியே விவித பாரதியைத் தொடங்கித் திரைப்பாடலைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. கேட்போர் தங்கள் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லாமலே வெற்றி பெற்ற நிகழ்ச்சி இது.

நாட்டுப் பாடலுக்கு வானொலியில் இடமில்லாமற் போகவில்லை. கிராமத்தாருக்கான நிகழ்ச்சிகளில் ஏற்றப் பாட்டும் நடவுப் பாட்டும் தெம்மாங்கும் ஒலித்தன. 1960-களில் தஞ்சையில் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல் வகை வானொலியின் வாயிலாகவே பரவியதால் உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். கிராமத்துக் கேட்போருக்கும் வானொலிக்கும் இருந்த நெருக்கத்திற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. புலவர்களும் நாட்டுப் பாடல்களைத் தேடிச் சென்றனர். சார்லஸ் கோவர் சென்னையில் இருந்துகொண்டு 1871-லேயே தென்னிந்திய மக்கள் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மக்வீன் திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958-இல் ‘மலையருவி’ வந்தது. நா. வானமாமலை 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்க’ளைக் கொண்டுவந்தார். கொல்லங்குடி கருப்பாயி வானொலிவழி அறியப்பெற்று, 1985-இல் ‘ஆண் பாவம்’ படத்தில் நடித்துப் பாடினார்.

ஆனால் நாட்டுப் பாடல் என்றால் வயலும் வரப்பும் இருக்க வேண்டும் என்று நாம் எண்ணிவிட்டோம். பாடுபவர் ஏர் பிடிக்க வேண்டும். அல்லது நாற்று நட வேண்டும். சரக்குக் கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிறவன் பாடினால் அதை எங்கே வைப்பது? அது சாஸ்திரிய சங்கீதம் அன்று, மெல்லிசையும் அன்று. ஊரை விட்டு வந்துவிட்டதால் கிராமியமும் அன்று. கானாவை யாரோ திட்டமிட்டுத் தடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதை வைப்பதற்கு ஓர் அறை கட்டப்படவே இல்லை என்றுதான் சொல்கிறேன். சாவோடும் சேரியோடும் சேர்ந்த பாட்டு என்பதால் அந்த அறையைக் கட்ட எவருக்கும் அவசரமும் இருக்கவில்லை.

கடல் கடந்து அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. அந்நாட்டின் தென்பகுதியில் மலைவாழ் ஏழைகளும் பஞ்சாலைத் தொழிலாளரும் பாடிய பாட்டை நகரத்தார் ‘ஹில்பில்லி’ என்று ஏளனம் செய்தனர். இன்று உலகம் அதனைக் ‘கன்ட்ரி’ இசை என்கிறது. டென்னசி மாநிலத்து நேஷ்வில் நகரில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1925-இல் வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் வாரந்தோறும் சில காசு செலுத்தும் தொழிலாளர்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும் முகவருக்கு, முதல் நாள் இரவு வானொலியில் கேட்ட பாட்டே அறிமுகச் சீட்டு ஆயிற்று. ஆகவே ஏழைகள் விரும்பும் பாட்டை அந்த நிலையம் தேடிப் பிடித்து ஒலிபரப்பியது. நம் நாட்டிலோ பெட்டி வைத்திருப்பவர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 1980-களில்தான் அது முற்றிலும் நீங்கியது. பெட்டிக்கும் உரிமத்திற்கும் பணம் இல்லாத துறைமுகத் தொழிலாளியை யாரும் தேடிச் செல்ல வேண்டிய தேவை எழவில்லை. வணிகர் எல்லோரும் கலையின் நண்பர்கள் என்று கருதிவிட வேண்டாம்! தேவை எங்கே இருந்ததோ அங்கே காது திறந்தது, அவ்வளவுதான்.

1927 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு. அந்த நேஷ்வில் நிலையத்தில் மேலை நாட்டுச் செவ்விசை நிகழ்ச்சி முடிந்து, நாட்டுப் பாட்டு நிகழ்ச்சி தொடங்க வேண்டும். ஜார்ஜ் ஹே என்ற அறிவிப்பாளர், இதுவரை கேட்டது ‘கிராண்ட் ஆப்ரா’, இனி வருவது ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று வேடிக்கையாகச் சொன்னார். பாமரர் பேச்சை ஒட்டி எழுந்த அந்தப் பெயரே நிலைத்துவிட்டது; நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது. அன்றிரவு டிஃபோர்ட் பெய்லி என்பவர் வாயிசைக் கருவியில் ஓடும் இரயிலின் ஓசையை எழுப்பினார். அவர் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பர். கன்ட்ரி இசையின் உயிர்க் கருவியான பேன்ஜோவும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தந்த கொடையே. ஆயினும் 1941-இல் பெய்லி நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு பல ஆண்டுகள் அதே நகரில் காலணிக்கு மெருகிடும் கடை நடத்தி வாழ்ந்தார். 1982-இல் மறைந்த அவருக்கு, 2005-இல் கன்ட்ரி இசைப் பெருமக்கள் வரிசையில் இடம் கிடைத்தது.

பேன்ஜோ என்றதும் ஒரு சிறு செய்தி. நம் கானாக் கச்சேரிகளிலும் ‘பேன்ஜோ’ என்று ஒரு கருவி உண்டு. பெயர்தான் ஒன்று, கருவி வேறு. தந்திகளின்மேல் தட்டச்சுப் பொறிபோல் கட்டைகள் வைத்த புல்புல்தாரா அது. அதன் மூதாதை ஜப்பானிலிருந்து வந்தது.

நேஷ்வில் இசையும் அப்படியே இருந்துவிடவில்லை. 1950-களின் நடுவில் ராக் இசை இளைஞரைக் கவர்ந்துகொள்ளவே, கன்ட்ரி இசைக்கான நிலையங்கள் மெலிந்தன. உடனே இசைத்தட்டு முதலாளிகள் பாட்டைச் சலவை செய்யத் தொடங்கினர். கிராமத்து வயலினும் பேன்ஜோவும் பின்னுக்குப் போயின. மெருகேற்றிய வாத்திய கோஷ்டியும் பின்பாட்டுக் குழுவும் முன்னுக்கு வந்தன. கேட்போரும் மாறிவிட்டிருந்தனர். மண்வீட்டுத் திண்ணையில் இருந்தவர் நகரத் தொழிற்சாலைக்குப் போனார், லாரி ஓட்டினார், பின்பு நகர்ப்புறத்து வீட்டுக்குக் காரில் திரும்பும்போது கேட்டார். 1961-இல் அந்நாட்டில் முழுநேரமும் கன்ட்ரி இசை தந்த நிலையங்கள் நூற்றுக்கும் குறைவு. பத்தாண்டுகளில் அவை பன்மடங்காகப் பெருகின. கிராமத்தை விட்டு விலகியவர்களே கிராமத்தைப் பற்றிய பாட்டை மிகுதியாகக் கேட்டனர்!

நம் கானாவுக்கு வானொலிக் கதவைத் திறந்தது திரைப்படம். 1950-களிலேயே ஜே. பி. சந்திரபாபு சென்னைப் பேச்சைத் திரைப்பாட்டில் ஏற்றிவிட்டார். 1990-களில் இசையமைப்பாளர் தேவா கானா மெட்டுகளைத் தமிழ்நாடு முழுவதும் பரப்பினார். இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977-இல் சென்னையில்தான் தொடங்கியது. 2003-இல் தனியார் பண்பலை நிலையங்கள் சென்னைக்கு வந்தபின் நிலைமை விரைந்து மாறியது. ஆட்டோ ஓட்டுபவர், தேநீர்க் கடைக்காரர், பட்டறைத் தொழிலாளி ஆகியோர் நாள் முழுதும் கேட்கிறவர்கள் என்பதை அந்நிலையங்கள் உணர்ந்தன. நேஷ்வில்லின் காப்பீட்டு நிறுவனம் 1925-இல் கண்டுகொண்ட உண்மையைச் சென்னை கண்டுகொள்ள முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் தாமே தோன்றிப் பாடிய மீன்களின் கல்யாணப் பாட்டு ஒலிக்காத தெரு அந்த ஆண்டில் இல்லை. 2012-இல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ வாயிலாகக் கானா பாலா வீடுதோறும் அறிமுகமானார். சாவு வீட்டு மெட்டைக் கல்லூரி மாணவர்கள் பேருந்தில் தாளமிட்டுப் பாடினர்.

இது மகிழ வேண்டிய மாற்றந்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், மகிழ்ந்தேன். ஆனால் பாட்டில் ஒன்று குறைந்ததையும் கவனித்தேன். இரவெல்லாம் நீண்ட பாட்டு நான்கு நிமிடத்துள் அடங்கியது, அது பெரிதன்று. பெயர்கள் போயின. வானொலிப் பாட்டில் இறந்தவர் இல்லை, அவருடைய மகள் இல்லை, தெரு இல்லை. எல்லோருக்கும் பொருந்த வேண்டிய பாட்டில் எவருடைய பெயரும் இருக்க முடியாதன்றோ?

பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மூலக்கொத்தளத்தை அடுத்த ஒரு தெருவில் கருமாதி இரவில் ஒரு பாடகரைக் கேட்டேன். இறந்தவர் துறைமுகத்தில் நெடுநாள் உழைத்த முதியவர். அவர் முதுகில் இருந்த மூட்டைத் தழும்பைப் பாடகர் பாட்டில் வைத்தபோது, அங்கிருந்த கிழவர்கள் சிலர் தங்கள் தோளைத் தாங்களே தடவிக்கொண்டனர். அந்தப் பாட்டை எப்படியாவது பதிவு செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. சில நாள் கழித்துப் பாடகரைத் தேடிக் கண்டுபிடித்து, ஒலிப்பதிவுக் கருவியை அவர்முன் வைத்து, அன்று பாடியதைப் பாடும்படி கேட்டுக்கொண்டேன். அவர் வேறு பாட்டுகளை மனமுவந்து பாடினார். அதை மட்டும் பாடவில்லை. மீண்டும் வற்புறுத்தினேன். “அது அந்தப் பெரியவருக்குப் பாட்னது சார். இங்க பாட்னா யாருக்குப் பாட்றது?” என்றார்.

எனக்கு அப்போது சிறிது கோபமே வந்தது. நல்லதொரு பாட்டு வீணாகிறதே என்று எண்ணினேன். அவர் கேட்ட கேள்வி வானொலிக்காரர் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டியது என்பது வெகுநாள் கழித்தே எனக்குப் பட்டது. நாங்கள் ‘நேயர்களே’ என்று அழைக்கிறோம். அந்த நேயர் யார் என்று அறியோம். அவர் அழுகிறாரா, உறங்குகிறாரா, பெட்டியை அணைத்துவிட்டாரா என்பதும் தெரியாது. நேயர் விருப்ப நிகழ்ச்சியில் ஊரும் பேரும் வரிசையாக வாசிக்கப்பட்டதை மக்கள் பாட்டைக் காட்டிலும் ஆவலோடு கேட்டார்கள் அல்லவா? தம் பெயர் வானொலியில் வருமா என்று காத்திருந்தவர்களின் ஏக்கமும், கருமாதிப் பந்தலில் தன் பெயர் வருமிடத்தில் விம்மிய மகளின் அழுகையும் வெவ்வேறல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

அண்மை ஆண்டுகளில் மாற்றம் வேறு திசையில் திரும்பியிருக்கிறது. 2018 சனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழு சென்னையில் மேடையேறியது. கானாவையும் ராக், ராப் முதலிய மேலை இசையையும் சேர்த்து, சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பாடினர். சாதி இல்லாதவர் என்னும் கருத்துடைய அப்பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்தது. அக்குழுவில் இராயபுரத்தில் வளர்ந்த இசைவாணியும் இருந்தார். ஆண்களே பாடிவந்த கானாவில் பெண் குரலாக எழுந்த அவரை பி.பி.சி. 2020-ஆம் ஆண்டின் நூறு பெண்களுள் ஒருவராகத் தேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. சபாக்களின் மாதமாகிய மார்கழியில் பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடை கண்டன. கானாவின் இன்றைய பாட்டுகள் யாவும் போற்றத்தக்கவை என்று சொல்ல மாட்டேன். பெண்களை இழித்தும் வன்முறையைப் புகழ்ந்தும் பாடுவோர் இருக்கின்றனர். அவற்றுக்கும் இலட்சக்கணக்கில் கேட்போர் உண்டு. இழிவாகப் பாடுவது மக்கள் கலையின் உரிமை என்று வாதிடுவாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. இசைவாணியைப் போன்றோர் பாட வந்திருப்பதே அவர்களுக்கு விடை.

அமெரிக்காவிலும் பழைய கணக்கு இன்னும் தீரவில்லை. 2024-இல் பியான்சே என்ற கறுப்பினப் பாடகி கன்ட்ரி பாட்டுகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்றின் பேன்ஜோவை வாசித்தவரும், அக்கருவியின் ஆப்பிரிக்க வரலாற்றை ஆராய்ந்து பரப்பிவரும் ரியானன் கிடன்ஸ். ஓக்லஹாமா மாநிலத்தில் ஒரு நேயர் அந்தப் பாட்டைக் கேட்டு எழுத, அங்குள்ள சிறு நிலையம் தாம் ஒலிபரப்புவது கன்ட்ரி இசையே என்று சொல்லி முதலில் மறுத்தது. செய்தி பரவி நேயர்கள் திரண்டு கேட்கவே, சில மணி நேரத்தில் பாட்டு ஒலித்தது. கேஸ்கர் காலத்தில் கேட்போர் முள்ளைத் திருப்பி ஐந்தாண்டில் பெற்ற வெற்றியை இவர்கள் ஒரே நாளில் பெற்றனர். அடுத்த ஆண்டு கிராமி விருதுகளில் சிறந்த கன்ட்ரி இசைத்தொகுப்பு என்ற விருது அவருக்கே சென்றது.

கைப்பேசி வந்தபின் வானொலியின் இடம் சுருங்கிவிட்டது என்கிறார்கள். சுருங்கித்தான் இருக்கிறது. தேநீர்க் கடையில் ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப்பேர் நின்ற இடத்தில், இப்போது பத்துப்பேர் காதில் பத்துக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மூலக்கொத்தளத்துப் பக்கம் சென்ற ஆண்டு ஒரு கருமாதிக்குப் போயிருந்தபோது புதியதொன்றைக் கண்டேன். பந்தற்காலில் ஒரு கைப்பேசியைக் கட்டியிருந்தார்கள். இறந்தவரின் பேரன் வேலையை விட்டு வர முடியாமல் துபாயிலிருந்து அதன் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பு நான் கண்ட பாடகர் அல்லர் இவர், இருபத்தைந்து வயதிருக்கும். டோலக்கைச் சரிபார்த்தபின், ஒரு தாளில் மகன் பெயர், மகள் பெயர் எல்லாம் குறித்துக்கொண்டார். பாடத் தொடங்குமுன் கைப்பேசியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, சுவரோரம் அமர்ந்திருந்த மூதாட்டியின் பக்கம் குனிந்து, “துபாய்ல கீற பேரன் பேரு இன்னா ஆயா?” என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.